மெக்கானிக்கல் கீபோர்டு: எந்த ஸ்விட்ச் உங்க விரலுக்கு?

(இது எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த திரும்பச் சொல்லல்களைக் குறைத்து, வாசிக்க ஏற்றபடி திருத்தியிருக்கிறோம்.)



இன்னைக்கு ஒரு சத்தத்தோட ஆரம்பிக்கிறேன். தேனி, போடி, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம்... இந்தப் பக்கம் வளர்ந்தவங்களுக்கு நல்லாவே தெரியும். காலை ஆறரை மணி. மாடியில் ஒரு ஹால். வரிசையா டைப்ரைட்டர்கள். எல்லாரும் ஒரே நேரத்தில் ஏ, எஸ், டி, எஃப் அடிச்சுப் பழகுறாங்க. கீழே டீக்கடையில் நிக்கிறவருக்கு அது தகரக் கூரையில் மழை பெய்யுற மாதிரி கேக்கும்.

அந்த ஹாலில் பழகின விரல்கள்தான் இன்னைக்கு சென்னையிலும் கோவையிலும் பெங்களூரிலும் லேப்டாப் தட்டுது. அப்படி வந்தவங்க பலர் கேக்குற கேள்வி: "மெக்கானிக்கல் கீபோர்டுன்னு சொல்றாங்களே, அது வாங்கலாமா? ரெட், ப்ளூ, பிரவுன்னு என்னென்னவோ இருக்கே, எதை எடுக்கணும்?"

என் பதில் இதுதான்: உங்க விரல் எங்கே, எப்படிப் பழகினதுன்னு முதலில் பாருங்க. ஸ்விட்சை அதுக்கு அப்புறம் பார்க்கலாம்.

விரல் எப்படிப் பழகுச்சு?

டைப்ரைட்டரில் மின்சாரம் கிடையாது. விசையை அடிச்சா, அதோட இணைஞ்ச கம்பிகள் அச்சுக்கட்டையைத் தூக்கி, ரிப்பன் வழியா தாளில் மோத வைக்கும். அந்த அடிக்கான சக்தி முழுக்க உங்க விரலில் இருந்து வரணும். மெதுவா அடிச்சா எழுத்து மங்கலா விழும். அதனாலதான் "நல்லா அடி, அடிச்ச உடனே விரலை எடு"ன்னு சொல்லிக் கொடுப்பாங்க.

இது ஏதோ பழங்கதைன்னு நினைக்க வேண்டாம். தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் வருஷத்துக்கு 2 தடவை தட்டச்சுத் தேர்வு நடத்துது. ஆங்கிலத்தில் இளநிலைக்கு நிமிஷத்துக்கு 30 சொல், முதுநிலைக்கு 45 சொல். குரூப் 4 தேர்வில் தட்டச்சர் வேலைக்குப் போகணும்னா இந்தச் சான்றிதழ் வேணும். கோத்ரெஜ் நிறுவனம் டைப்ரைட்டர் தயாரிப்பை நிறுத்திப் பத்து வருஷத்துக்கு மேல ஆயிருச்சு. ஆனா பழைய மெஷின்கள் இன்னும் ஓடுது.

பிரச்சினை எங்கே வருதுன்னா, அப்படிப் பழகின விரல் லேப்டாப்புக்கு வரும்போது. லேப்டாப் கீ ஒரு மில்லிமீட்டர், ஒன்றரை மில்லிமீட்டர்தான் கீழே இறங்கும். விரலோ பழைய வேகத்திலேயே போய் அடியில் மோதும். ஒரு நாளைக்குப் பல ஆயிரம் தடவை. சாயங்காலம் விரல் நுனியும் மணிக்கட்டும் வலிச்சா அதுக்கு இதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

சாதாரண கீபோர்டுக்கு உள்ளே

ஆபீஸில் கொடுக்கிற விலை குறைவான கீபோர்டைத் திறந்து பார்த்தா, ஒவ்வொரு கீக்கும் அடியில் ரப்பர் குமிழ் ஒண்ணு இருக்கும். அதுக்குக் கீழே மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள். மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்கோடுகள் ஓடும். நடுத் தாளில் ஓட்டைகள் இருக்கும். நீங்க கீயை அழுத்தினா குமிழ் அமுங்கி, மேல் தாளும் கீழ்த் தாளும் அந்த ஓட்டை வழியா தொட்டுக்கும். எழுத்து பதிவாகும்.

இதில் ரெண்டு சங்கடம். ஒண்ணு, குமிழ் ஏறக்குறைய முழுசா அமுங்கணும். ரெண்டு, ரப்பர் நாளாக நாளாகத் தளரும். ஒரு கீ போச்சுன்னா அதை மட்டும் மாத்துறது கஷ்டம், மொத்தக் கீபோர்டையும் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஸ்விட்சுன்னா என்ன?

மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் தனித்தனி ஸ்விட்ச். ஒரு சின்னப் பெட்டி, அதுக்குள்ள மேலும் கீழும் நகர்ற ஒரு தண்டு, அதைத் திரும்ப மேலே தள்ள ஒரு ஸ்பிரிங், பக்கத்தில் ரெண்டு உலோகத் தகடு. பட்டன் வச்ச பேனாவுக்குள்ள ஸ்பிரிங் இருக்குமே, கிட்டத்தட்ட அதே மாதிரி. தண்டு கீழே இறங்கும்போது தகடுகள் ஒண்ணை ஒண்ணு தொடும். கணினிக்குச் செய்தி போயிரும்.

செர்ரி நிறுவனம் 1980களில் கொண்டுவந்த எம்எக்ஸ் ஸ்விட்ச்தான் இன்னைக்குப் பெரும்பாலானதுக்கு மாதிரி. காப்புரிமைக் காலம் முடிஞ்ச பிறகு கெய்ல், கேட்டரான், அவுட்டெமு மாதிரியான சீன நிறுவனங்களும் அதே வடிவத்தில் செய்யுறாங்க. விலை இறங்கினதுக்கு அதுதான் காரணம்.

இப்போ சொல்லப் போறது ரொம்ப முக்கியம். இந்த ஸ்விட்ச் மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும். ஆனா 2 மில்லிமீட்டரிலேயே எழுத்து பதிவாயிரும். பாதி வழியிலேயே வேலை முடிஞ்சுது. மீதிப் பாதி விரல் மெதுவா நின்னு திரும்புறதுக்கான இடம். டைப்ரைட்டரில் பழகின விரலுக்கு இது தெரியாது, அது கடைசி வரைக்கும் போய் முட்டும். "எழுத்து விழுந்தாச்சு, போதும்"னு விரலுக்கு எப்படிச் சொல்றது? ஸ்விட்ச் வகைகளுக்கு உள்ள வித்தியாசமே இதுதான்.

*ரெட்.* எதுவும் சொல்லாது. வழவழன்னு நேரா இறங்கும். சத்தமும் குறைவு. கேம் விளையாடுறவங்களுக்குப் பிடிக்கும்.

*பிரவுன்.* தண்டில் ஒரு சின்ன மேடு இருக்கும். பாதி வழியில் விரலுக்கு லேசா ஒரு தட்டுப்படல் தெரியும். காதுக்குத் தனியா எதுவும் கேக்காது.

*ப்ளூ.* தட்டுப்படலும் உண்டு, 'டக்'னு சத்தமும் உண்டு. தண்டோட ஒரு துண்டு தனியா விடுபட்டுக் கீழே சொடுக்கும். அந்தச் சத்தம்தான் அது.

அழுத்தம் எவ்வளவு வேணும்? வீட்டிலேயே சோதிக்கலாம். பத்து ரூபாய்க் காசு ஒண்ணு 7.71 கிராம். ஆமா, சில கடையில் வாங்க மாட்டேன்னு சொன்னாங்களே, அதே காசுதான். ரெட் ஸ்விட்சுக்கு சுமார் 45 கிராம் வேணும். கீ மேல ஆறு காசு அடுக்கினா எழுத்து விழுற அளவுக்கு வந்துரும். ப்ளூவோட மேட்டைத் தாண்ட சுமார் 60 கிராம், அதாவது எட்டுக் காசு. ரெண்டு காசு வித்தியாசம் சின்னதாத் தெரியும். ஒரு நாள் முழுக்க அடிச்சுப் பாருங்க, அப்ப தெரியும்.

நமக்கு ஏற்கெனவே தெரிஞ்ச 'டக்'

மெக்கானிக்கல் கீபோர்டைப் பார்த்ததே இல்லைன்னு நினைக்கிறீங்களா? மருந்துக் கடை பில் கவுண்டர், பேங்க் கவுண்டர், அரசு அலுவலகம்... அங்கே கனமா ஒரு கீபோர்டு, 'டக் டக்'னு அடிச்சுக்கிட்டே இருப்பாங்களே, ஞாபகம் இருக்கா? பெரும்பாலும் அது டிவிஎஸ் கோல்டு. மதுரையைத் தளமா வச்சு வளர்ந்த டிவிஎஸ் குழுமத்தில் இருந்து வந்த, சென்னையைச் சேர்ந்த டிவிஎஸ் எலக்ட்ரானிக்ஸோட தயாரிப்பு. 2010இல் ரூபாய்க் குறியீடு வந்த பிறகு, அந்தக் குறியீட்டைப் பொறிச்ச 'கோல்டு பாரத்' மாடலும் வந்துச்சு. இதில் ரொம்ப காலம் செர்ரி ப்ளூ ஸ்விட்ச்தான் இருந்துச்சு. வண்ண விளக்கு கீபோர்டெல்லாம் நம்ம ஊருக்கு வர்றதுக்கு முன்னாடியே, கவுண்டரில் உட்கார்ந்தவங்க மெக்கானிக்கலில் அடிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க.

ஒரு தடவை அழுத்தினா ஒரு தடவைதான் பதிவாகணும்

போடியில் நறுமணப் பொருள் வாரியத்தோட ஏலக்காய் மின்னணு ஏல மையம் இருக்கு. அங்கே குரல் கொடுத்து விலை கேக்குறதில்லை. திரையைப் பார்த்து, பட்டனை அழுத்தி விலையை ஏத்துறாங்க. அப்படி ஒரு இடத்தில் ஒரே அழுத்தம் ரெண்டாப் பதிவானா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாருங்க.

கீபோர்டில் அது நிஜமாவே நடக்கும். ரெண்டு உலோகத் தகடு மோதும்போது ஒட்டிக்கிட்டு நிக்காது. தரையில் விழுந்த கோலிக்குண்டு மாதிரி சில மில்லிவினாடி துள்ளும். கீபோர்டுக்குள்ள இருக்கிற சிப், சுமார் 5 மில்லிவினாடி பொறுத்திருந்து இந்தத் துள்ளலைக் கணக்கில் எடுக்காம விட்டுரும். ஸ்விட்ச் தேய்ஞ்சாலோ தூசி புகுந்தாலோ துள்ளல் நீளும். 'கம்பம்'னு அடிச்சா 'ககம்பம்'னு வரும்.

நம்ம பள்ளத்தாக்கில் ஆடிக் காத்து எப்படி அடிக்கும்னு சொல்லவே வேண்டாம். மேல்மூடிகளைக் கழட்டி, மாசத்துக்கு ஒரு தடவை பிரஷ்ஷால தட்டி விடுங்க. அப்படியும் சரியாகலைன்னா அந்த ஒரு ஸ்விட்சை மட்டும் மாத்தலாம். 'ஹாட்-ஸ்வாப்' வகையில் கையாலேயே பிடுங்கி வேற சொருகலாம். மத்ததுக்கு சால்டரிங் தெரிஞ்ச ஒரு சர்வீஸ் கடைக்காரர் போதும்.

தமிழ் அடிக்க முடியுமா?

தாராளமா. ஸ்விட்சுக்கு மொழி தெரியாது. "இந்த இடத்துக் கீ அழுத்தப்பட்டது"ன்னு மட்டும்தான் கீபோர்டு சொல்லும். அது என்ன எழுத்துங்கிறதை மென்பொருள் முடிவு பண்ணும். 1999இல் தமிழ்நாடு அரசு ஏத்துக்கிட்ட தமிழ்99 முறையில் உயிரெழுத்து இடது கையில், மெய் வரிசை வலது கையில். 'தேனி' அடிச்சுப் பாருங்க: த வலது, ஏ இடது, ன வலது, இ இடது. நடந்து போற மாதிரி கை மாறி மாறிப் போகும். ஒரே கை தொடர்ந்து உழைக்கிறதில்லை. இதுக்கு லேசான ஸ்விட்ச் நல்லா ஒத்துப் போகும்.

அப்போ எதை வாங்கலாம்?

டைப்ரைட்டரில் பழகின விரல்னா, எழுத்து விழுந்ததைச் சொல்ற ஸ்விட்சில் ஆரம்பிங்க. தனி அறை இருந்தா ப்ளூ. ஹாஸ்டல், ரூம்மேட், தூங்குற குழந்தைன்னா பிரவுன். பாதியில் நிறுத்தப் பழக ரெண்டு மூணு வாரம் ஆகலாம். விரல் ஏற்கெனவே மென்மையா அடிக்குதுன்னா ரெட் போதும். முதல் கீபோர்டுக்கு ரெண்டாயிரம், மூவாயிரத்துக்கு மேல செலவு பண்ண அவசியமில்லை. முடிஞ்சா ஹாட்-ஸ்வாப் எடுங்க, பிடிக்கலைன்னா ஸ்விட்சை மட்டும் மாத்திக்கலாம். கை வலி ரொம்ப நாளா இருந்தா டாக்டரைப் பாருங்க, கீபோர்டு மருந்து இல்லை.

தட்டச்சுத் தேர்வுக்குப் படிச்சுக்கிட்டு இருக்கிறவங்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. தேர்வு முடியுற வரைக்கும் டைப்ரைட்டரிலேயே பழகுங்க. 45 கிராமுக்குப் பழகின விரல் தேர்வு ஹாலில் அடிச்சா எழுத்து மங்கலாத்தான் விழும். வேலை கிடைக்கட்டும். முதல் சம்பளத்தில் ஸ்விட்ச் கலர் பத்திப் பேசிக்கலாம்.

அடுத்த எபிசோடில் சந்திப்போம். அதுவரைக்கும் கொஞ்சம் மெதுவா தட்டுங்க.