கையால் தொட்டுக் கற்கும் கல்வி: பெற்றோர் அறிய வேண்டியவை

"ஹஜ்ரத், பிள்ளைக்கு நாலு வயசு முடிஞ்சிருச்சு. பக்கத்து வீட்டுப் பிள்ளை நோட்டு நோட்டா எழுதுது. இவன் ஸ்கூல்ல மணி கோக்குறான், தண்ணி ஊத்துறான். ஃபீஸ் மட்டும் வாங்கிக்கிறாங்க. ஸ்கூலை மாத்திரலாமா?"

ஜும்ஆ முடிந்ததும் இப்படிக் கேட்கும் பெற்றோர் ஆண்டுக்கு ஆண்டு கூடுகிறார்கள். அவர்களின் கவலை நியாயமானது. அத்தா வெளிநாட்டில் வெயிலில் நின்று அனுப்பும் பணம் அது. அது வீணாகிவிடக் கூடாது என்று நினைப்பதில் தவறில்லை. ஆனால் அந்தக் கேள்விக்குள் ஒரு தீர்ப்பும் ஒளிந்திருக்கிறது. நோட்டில் எழுத்து நிறைந்தால்தான் படிப்பு, மற்றதெல்லாம் விளையாட்டு என்பதே அந்தத் தீர்ப்பு. அது சரியா என்று பார்த்துவிட்டுப் பள்ளியை மாற்றுவதைப் பற்றி யோசிப்போம்.

ஏழைக் குழந்தைகளிடம் தொடங்கிய முறை

மழலையர் வகுப்புக்கு நாம் சொல்லும் 'கிண்டர்கார்டன்' ஒரு ஜெர்மன் சொல். 'குழந்தைகள் தோட்டம்' என்பது அதன் பொருள். செடியை இழுத்து வளர்க்க முடியாது, மண்ணையும் நீரையும் சரியாகக் கொடுத்தால் அது தானாக வளரும் என்ற எண்ணத்தில் 19-ஆம் நூற்றாண்டில் ஃப்ரோபெல் என்ற கல்வியாளர் வைத்த பெயர் அது. இன்று அந்தப் பெயர் மட்டும் மிஞ்சி, தோட்டம் காணாமல் போய்விட்டது.

அந்த எண்ணத்தை ஒழுங்கான பாடமுறையாக ஆக்கியவர்களில் முக்கியமானவர் மரியா மாண்டிசோரி (1870–1952). இத்தாலியின் தொடக்ககாலப் பெண் மருத்துவர்களில் ஒருவர். 1907-இல் ரோம் நகரின் சான் லோரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் அவர் ஒரு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குப் போன பிறகு தெருவில் திரிந்த பிள்ளைகளே அங்கு முதலில் வந்தவர்கள். மாண்டிசோரி என்றாலே பணக்காரர்களின் படிப்பு என்று எண்ணுவோர் இந்தத் தொடக்கத்தை அறிந்திருப்பது நல்லது.

அங்கே ஒரு சிறுமி மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்தும் வேலையை 40 தடவைக்கும் மேல் திரும்பத் திரும்பச் செய்தாள். சுற்றிலும் நடந்த எதையும் அவள் கவனிக்கவில்லை. சிறு குழந்தைக்குக் கவனமே நிற்காது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. தன் வயதுக்கும் கைக்கும் பொருத்தமான வேலை கிடைத்தால் குழந்தையின் கவனம் நிற்கும் என்பதை மாண்டிசோரி இவ்வாறு கண்ணால் பார்த்தே கண்டுகொண்டார்.

இந்த அம்மையாருக்கும் நம் ஊருக்கும் தொடர்பு உண்டு. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து சுமார் 300 பேருக்கு அவர் ஆசிரியப் பயிற்சி அளித்தார். உலகப் போரில் இத்தாலி எதிரணியில் இருந்ததால் அவரால் உடனே திரும்ப முடியவில்லை. கொடைக்கானலிலும் தங்கிக் குழந்தைகளோடு பணியாற்றி, 1946-இல்தான் ஐரோப்பா திரும்பினார்.

மணி கோத்தால் கணக்கு வருமா?

வரும். எப்படி என்று பார்ப்போம்.

மேலே சொன்ன மர உருளைகளுக்குத் தலையில் ஒரு சிறு குமிழ் இருக்கும். குழந்தை அதை மூன்று விரலால் பிடித்துத்தான் தூக்க வேண்டும். நாளை பென்சில் பிடிக்கப்போவதும் அதே மூன்று விரல்கள்தாம். மூன்று வயதில் அந்த விரல்களுக்கு எழுதும் வலு வருவதில்லை. வலு வரும் முன்பே பென்சிலைத் திணித்தால் பிள்ளை முஷ்டியால் பிடித்து, கை வலித்து, எழுத்தையே வெறுக்கும். இன்னொன்றும் கவனியுங்கள். ஓர் உருளையைத் தவறான குழியில் போட்டால் கடைசியில் ஒன்று பொருந்தாமல் மிஞ்சும். "தப்பு" என்று யாரும் அதட்டத் தேவையில்லை. பிழையைப் பிள்ளையே கண்டு திருத்திக்கொள்கிறது.

எழுத்துக்கு உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய சொரசொரப்பான எழுத்துகள் இருக்கும். குழந்தை விரலால் அதன் மேல் தடவும்போது ஆசிரியை அந்த ஒலியைச் சொல்வார். விரல், கண், காது மூன்றும் ஒரே நேரத்தில் 'அ'வைக் கற்கின்றன. நம் பாட்டனார் காலத்துத் திண்ணைப் பள்ளியில் மணலில் விரலால் எழுதிப் பழகியதும் இதே வழிதான்.

இனி மணி. தனி மணி ஒன்று. பத்து மணி கோத்த கம்பி பத்து. பத்துக் கம்பிகள் சேர்ந்த சதுரம் நூறு. பத்துச் சதுரங்கள் அடுக்கிய கனசதுரம் ஆயிரம். ஆயிரத்தை இரு கையாலும் தூக்கிப் பார்த்த பிள்ளைக்கு, அது ஒன்றைவிட எவ்வளவு பெரியது என்று விளக்கத் தேவையில்லை. 27-உடன் 15-ஐக் கூட்டும்போது 7 மணியும் 5 மணியும் சேர்ந்து 12 ஆகும். அதில் பத்தைக் கொடுத்து ஒரு கம்பியை வாங்கிக்கொள்ளும். 'மனதில் ஒன்று' என்று நாம் மந்திரம்போல் சொல்லிப் பழகினோமே, அதன் பொருளை இந்தப் பிள்ளை கையில் பிடித்துப் பார்க்கிறது.

ஆறு வயதுக்கு மேல் பிள்ளைக்கு 'ஏன், எப்படி' என்ற கேள்விகள் பெருகும். அப்போது விதை முளைப்பதைப் பார்த்து எழுதுவது, வகுப்பறையை அளந்து வரைபடம் போடுவது, சந்தைக்குப் போய் விலை விசாரிப்பது என்று கல்வி வெளியே விரியும். நோட்டும் பேனாவும் இந்த வயதில் நிறையவே வரும். ஆனால் எழுதுவதற்குப் பிள்ளையிடம் ஏதாவது இருக்கும்.

அரசுப் பள்ளியின் அனுபவம்

இது தனியார் பள்ளிக்கு மட்டும் உரியதல்ல. ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளிகளின் அனுபவத்தைப் பார்த்து, சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003-இல் மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' முறையைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்குச் சென்றது. பாடங்கள் அட்டைகளாயின. பிள்ளை ஏணிப்படி ஏறுவதுபோல் ஒவ்வோர் அட்டையாகத் தன் வேகத்தில் முடிக்கும். கரும்பலகை குழந்தையின் உயரத்துக்குக் கீழே இறங்கியது. ஆசிரியரும் பாயில் வந்து அமர்ந்தார்.

இரண்டு நாள் காய்ச்சலில் படுத்த பிள்ளை திரும்பி வந்தால், விட்ட அட்டையிலிருந்து தொடரலாம். வகுப்பு தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டது என்ற பயம் அதற்கு இல்லை. ஆனால் "வாத்தியார் தரையில உட்கார்ந்திருக்கார், நோட்டுல ஒண்ணுமில்ல" என்று குறைப்பட்ட பெற்றோரும் இருந்தனர். 2022-இல் 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டமும் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளையின் நிலையறிந்து கற்பிக்கிறது. அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் "நீ எந்த நிலையில் இருக்கிறாய்?" என்று கேட்டுப் பாருங்கள்.

நமக்கு இது புதிதா?

நபி (ஸல்) அவர்கள் மனிதனின் ஆயுளையும் ஆசையையும் விளக்கத் தரையில் சதுரமும் கோடுகளும் வரைந்து காட்டியதை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கிறார்கள். உஸ்மான் (ரலி) அவர்கள் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி, உளூச் செய்து காட்டியே உளூவைக் கற்பித்தார்கள். மக்தபிலிருந்து வந்த பிள்ளையை விளையாட விட வேண்டும், அதைத் தடுத்தால் உள்ளம் செத்துவிடும் என்ற கருத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) பதிவு செய்துள்ளார்கள். மாணவரிடம் கடுமை காட்டுவது பொய்யையும் சோம்பலையும் வளர்க்கும் என்று இப்னு கல்தூன் (ரஹ்) எச்சரித்துள்ளார்கள்.

ஆகவே மாலையில் ஓதவரும் பிள்ளைக்கும் இது பொருந்தும். அலிஃப், பேயை அட்டையில் வெட்டித் தடவச் செய்யலாம். உளூவைக் குழாயடியில் நின்று கற்பிக்கலாம். மனனம் கூடாது என்று நாம் சொல்லவில்லை. குர்ஆன் செவியாலும் நாவாலும் உள்ளத்தில் ஏறுவது, அதற்கு ஈடில்லை. பிரம்புக்குப் பயந்து ஓதிய பிள்ளை, பயம் நீங்கியதும் முஸ்ஹஃபையும் மூடிவிடும் என்பதே நம் கவலை.

பள்ளியில் எதைப் பார்ப்பது?

மாண்டிசோரி என்ற பெயர் யாருடைய தனிச் சொத்தும் அல்ல. யார் வேண்டுமானாலும் பலகை மாட்டலாம். எனவே நேரில் போய்ப் பாருங்கள்.

1. பொருட்கள் பிள்ளையின் கைக்கு எட்டும் அலமாரியில் இருக்கின்றனவா, அல்லது பார்வையாளருக்காகக் கண்ணாடிக்குள் பூட்டிக் கிடக்கின்றனவா?

2. மூன்று முதல் ஆறு வயது வரை கலந்து அமர்கிறார்களா? பெரிய பிள்ளை சிறிய பிள்ளைக்குக் காட்டிக் கொடுப்பது இம்முறையின் உயிர்.

3. ஆசிரியை இதற்கென்று பயிற்சி பெற்றவரா? ஒருவர் எத்தனை பிள்ளைகளைக் கவனிக்கிறார்? ஒரே ஆசிரியையிடம் 50 பிள்ளைகள் என்றால் எந்த முறையும் நடக்காது.

4. ஒழுங்கு இருக்கிறதா? சுதந்திரம் என்றால் கூச்சல் அல்ல. எடுத்ததை எடுத்த இடத்தில் வைத்துவிட்டே அடுத்ததை எடுப்பது, பிறர் வேலையில் கை வைக்காதிருப்பது ஆகியவை இங்கு உறுதியான விதிகள்.

5. அடி, அவமானப் பேச்சு உண்டா? கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் 17-ஆம் பிரிவு இரண்டையும் தடுக்கிறது.

பிறகு சாதாரணப் பள்ளிக்கு மாறினால் தாக்குப் பிடிக்குமா என்ற பயம் பலருக்கு உண்டு. வரிசையாக உட்கார்ந்து கரும்பலகையைப் பார்த்து எழுதச் சில வாரங்கள் பழக வேண்டியிருக்கலாம். ஆனால் அடிப்படை புரிந்த பிள்ளைக்கு அந்தப் பழக்கத்தைக் கொடுப்பது எளிது. பழக்கம் மட்டும் உள்ள பிள்ளைக்குப் புரிதலைக் கொடுப்பதுதான் கடினம்.

வீட்டிலேயே தொடங்கலாம்

ஃபீஸ் கட்ட வசதியில்லாத வீட்டிலும் கொண்டைக்கடலையும் பட்டாணியும் இருக்கும். கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள். சிறு குவளையில் தண்ணீர் ஊற்றட்டும், சிந்தினால் துணியை எடுத்து அதுவே துடைக்கட்டும். சட்டைப் பொத்தானைத் தானே போடட்டும், பத்து நிமிடம் ஆனாலும் காத்திருங்கள். முஸல்லாவை மடித்து வைக்கும் பொறுப்பைக் கொடுங்கள். சாப்பாட்டுக்கு எத்தனை பேர், எத்தனை தட்டு என்று எண்ணி வைக்கச் சொல்லுங்கள். அந்த நேரத்தில் கையில் கைபேசியைக் கொடுக்காதீர்கள். திரையைத் தடவும் விரலுக்குக் கனமும் தெரியாது, சொரசொரப்பும் தெரியாது.

பள்ளி விட்டு வரும் பிள்ளையிடம் "இன்னிக்கு என்ன எழுதினே?" என்பதே நம் வீடுகளில் முதல் கேள்வி. நாம் அதைக் கேட்டுக் கேட்டே பள்ளிகளும் எல்.கே.ஜி.யில் நோட்டை நிரப்பத் தொடங்கின. இனி "இன்னிக்கு என்ன செஞ்சே? எனக்கும் செஞ்சு காட்டு" என்று கேட்போம். அது செய்து காட்டும்போது பக்கத்தில் அமர்ந்து பொறுமையாகப் பார்ப்போம். அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம் அது. அதன் வேகத்தில் அதை வளர்க்கும் பொறுமையை அவன் நமக்குத் தருவானாக.