உஷார்! அந்த ட்யூபைத் திருப்பிப் படியுங்கள்

முகூர்த்த மாதம் வந்தால் மெடிக்கல் ஷாப்பில் கேட்கும் குரல்: "அண்ணா, முகம் பளிச்சுனு ஆகணும், நல்ல க்ரீமா குடுங்க." சீட்டு ஏதும் கேட்காமல் ஒரு சின்ன ட்யூப் கைக்கு வரும். வாங்கியதும் முதல் வேலையாக அதன் பொடி எழுத்தைப் படியுங்கள். ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டாசோன் மூன்றும் அதில் இருந்தால், அது அழகு க்ரீமே அல்ல. மங்குக்காக, இத்தனை வாரம்தான் என்று கணக்குச் சொல்லித் தோல் டாக்டர் எழுதித்தரும் மருந்து.

மொமெட்டாசோன் ஒரு ஸ்டீராய்டு. போட்ட கொஞ்ச நாளில் முகம் மினுங்கும். பக்கத்து வீட்டு அக்காவும் என்ன க்ரீம் என்று விசாரிப்பார். மாதக்கணக்கில் தொடர்ந்தால் தோல் மெலிந்து கன்னத்தில் சிவப்பு நரம்புகள் தெரியும், பரு கொத்தாகக் கிளம்பும், பூனைமுடி முளைக்கும். நிறுத்தினால் முகம் எரிந்து சிவக்கும். அதற்குப் பயந்தே மறுபடி போடுவார்கள். இந்த ஸ்டீராய்டு க்ரீம்களை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே மத்திய அரசு சொல்லிவிட்டது. கடைக்காரருக்கும் இது தெரியும்.

சரி, ஸ்டீராய்டு கலக்காத வெறும் ட்ரெட்டினாயின்? நல்ல மருந்துதான். பருவுக்கென்று 1971-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மெல்லிய சுருக்கங்களையும் குறைக்கும் என்பது பிறகு தெரிந்தது. ஆனால் நம்மவர்கள் போடும் விதம் இருக்கிறதே! பட்டாணி அளவு முழு முகத்துக்கும் போதும். இரவில், முகம் நன்றாக உலர்ந்த பிறகு, ஆரம்பத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள். முதல் சில வாரங்கள் தோல் உரியும், பரு கூடினாற்போலவும் இருக்கும். பரு அடங்கியதா என்று பார்க்கவே 12 வாரம் ஆகும். கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது தொடங்கினால் மணமேடையில் உரிந்த முகத்தோடுதான் உட்கார வேண்டும். அவசரத்தில் அளவைக் கூட்டிப் புண்ணாக்கிக்கொண்டால், நம் மாநிறத் தோலில் அந்த எரிச்சலே கருந்திட்டாக மாறி மாதக்கணக்கில் நிற்கும். பகலில் சன்ஸ்க்ரீன் பூசாமல் வண்டியில் சுற்றினால் இன்னும் மோசம்.

பார்லரில் அதைவிடக் கவனம் வேண்டும். இந்த மருந்து மேல்தோலை இளக்கியிருக்கும். மேல் உதட்டில் வாக்ஸ் தடவி இழுத்தால் முடியோடு தோலும் பிய்ந்து வரும். அந்த இடம் ஈரமாகச் சிவந்து, மறுநாள் பொருக்குத் தட்டி, கடைசியில் கறுப்பு மீசை போலத் தழும்பாகும். க்ரீம் போடுவதை உட்காரும் முன்பே சொல்லிவிடுங்கள். ப்ளீச்சும் வேண்டாம்.

கர்ப்பமாக இருப்பவர்கள், குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள் ட்ரெட்டினாயின் வகைக் க்ரீம் எதையும் தொடாதீர்கள். அடாபலீன், டசரோட்டீன் எல்லாம் இதே குடும்பம். இதே குடும்பத்து ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சிசுவின் உறுப்புகளையே கெடுக்கும்.

மூன்றும் கலந்த க்ரீமை ஏற்கெனவே பல மாதமாகப் போடுகிறீர்களா? இதைப் படித்த வேகத்தில் குப்பையில் எறிந்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள், முகம் கொந்தளிக்கும். இந்த வாரமே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் தோல் பிரிவுக்கோ, தெரிந்த தோல் டாக்டரிடமோ போங்கள். ட்யூபையும் கையோடு எடுத்துப் போங்கள். "ஏதோ வெள்ளை க்ரீம் டாக்டர்" என்றால் அவரால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது.