துவரை வேரின் அமிலம்

டீ ஆறுவதற்குள் சொல்லி முடிகிற விஷயமில்லை இது. நீங்கள் குடித்துக்கொண்டே கேளுங்கள்.

மண் பரிசோதனை அட்டையில் மணிச்சத்து 'நடுத்தரம்' என்று போட்டிருக்கும். அது வயல் முழுவதற்குமான சராசரி. பயிருக்கு அந்தச் சராசரியால் என்ன பயன்? அதன் மணிச்சத்து வரவுசெலவெல்லாம் வேரை ஒட்டிய ஒன்றிரண்டு மில்லிமீட்டர் மண்ணோடுதான். வேரை ஒட்டிய மண்ணுக்கு 1904இல் 'ரைசோஸ்பியர்' என்று பெயர் வைத்தவர் ஜெர்மானியரான லோரென்ஸ் ஹில்ட்னர்.

தழைச்சத்தில் நைட்ரேட், வேர் இழுக்கும் தண்ணீரோடு தானாகவே வேரிடம் வந்துவிடும். மணிச்சத்து மண்துகளை விட்டு லேசில் நகராது. பக்கத்தில் இருப்பதை வேர் எடுத்துவிட்டால் அந்த இடம் காலி. பந்தியில் தன் இலை தீர்ந்தவன், பக்கத்து இலையில் கை வைக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிற கதைதான். வேர்த்தூவிகளும், வேரோடு கூடி வாழும் பூஞ்சையின் இழைகளும் அந்தக் காலி இடத்தைத் தாண்டித்தான் நீள்கின்றன. கால்சியம் நேர்மாறு. தேவைக்கு மேல் தண்ணீர் இழுத்து வருவதால் வேரோரம் அது சேர்ந்துகொண்டே போகும். உவர் நிலத்தில் உப்பும் அப்படித்தான் சேர்கிறது.

எடுப்பதோடு நிற்கிறதா வேர்? இலை சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கை மண்ணில் கசியவிடுகிறது, அமிலமாகவும் விடுகிறது. வீண்செலவு மாதிரித் தெரியும். ஆனால் செம்மண்ணில் துவரை செய்கிற வேலையைப் பாருங்கள். அங்கே மணிச்சத்து பெரும்பாலும் இரும்போடு பிணைந்து கிடக்கும். சோளம் போன்ற பயிர்களால் அதைச் சுலபமாக எடுக்க முடியாது. துவரை வேர் கசியவிடும் பிசிடிக் அமிலம் இரும்பைக் கவ்விக்கொள்ள, மணிச்சத்து விடுபடுகிறது. ஹைதராபாத் அருகே பட்டஞ்செருவில் உள்ள இக்ரிசாட் பயிர் ஆராய்ச்சி நிறுவனத்தில் ஜப்பானிய விஞ்ஞானிகள் அடங்கிய குழு இதைக் கண்டு, 1990இல் 'சயின்ஸ்' இதழில் எழுதியது. துவரையோடு கூடிய பயிர்முறையில் மொத்தமாகவே மணிச்சத்து கூடுதலாகப் புழக்கத்துக்கு வருகிறது என்பதும் அவர்கள் கருத்து. கரிசலில் மணிச்சத்து கால்சியத்தோடு பிணைந்திருக்கும். அங்கே கொண்டைக்கடலை வேரின் அமிலம் அதைக் கரைக்கிறது.

நாம் போடுகிற உரமும் வேரோரத்தை மாற்றும். அம்மோனியமாகத் தழைச்சத்து கிடைத்தால் வேர் அமிலத்தை வெளியே தள்ளும், நைட்ரேட்டாகக் கிடைத்தால் காரத்தன்மை கூடும். வயலில் எங்கும் ஒரே மண்ணாக இருந்தாலும் வேரோரத்துக் கணக்கு தனி.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. துவரை மணிச்சத்தை உண்டாக்குவதில்லை, பூட்டிக் கிடந்ததைத் திறந்து தன் உடம்பில் ஏற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். அடுத்த பயிருக்கு அது போய்ச் சேர வேண்டுமானால் உதிர்ந்த இலையும் வேரும் வயலிலேயே மட்க வேண்டும். விறகுக்குக் குச்சியை எடுத்துக்கொள்ளுங்கள், சருகைக் கூட்டிக் கொளுத்தாமல் மண்ணோடு சேர்த்து உழுதுவிடுங்கள்.