போய் வருகிறேன்!

நம் வீடுகளில் வாசற்படி தாண்டும் எவரும் "போகிறேன்" என்று சொல்லக்கூடாது. "போய் வருகிறேன்" என்றே சொல்ல வேண்டும். கடைத்தெருவுக்குப் போகிறவனுக்கும் இதே விதி. கடல் கடந்து போகிறவனுக்கும் இதே விதி. ஆனால் பின்னவன் சொல்லும்போது, "வருகிறேன்" என்ற பகுதியை அவன் தாயார் சற்று அதிகக் கவனத்துடன் கேட்கிறாள்.

அன்னிய நாட்டுச் சர்வகலாசாலையில் ஒரே ஒரு பருவம், அதாவது சுமார் ஆறு மாத காலம், படித்துத் திரும்பும் வழக்கம் நம் மாணவர்களிடையேயும் உண்டு. கல்லூரிகளில் இதைச் 'செமஸ்டர்' என்கிறார்கள். அனுமதிக் கடிதம் வந்த நாள் முதல் விமானம் ஏறும் நாள் வரையில் அந்த வீட்டைக் கவனித்தவர்களுக்கு ஒரு விஷயம் விளங்கும்: ஆறு மாதப் பிரயாணத்திற்கு அறுபது வருஷத்துக் கவலையைப் பட்டு விடுகிறார்கள்!

அக்காலத்துப் பிரிவு

இந்தக் கவலை புதிதல்ல. 1888-ம் வருஷம் செப்டம்பர் 4-ந் தேதி பம்பாயில் கப்பலேறிய மோகன்தாஸ் காந்திக்கு அப்போது வயது 18. மது, மாது, மாமிசம் மூன்றையும் தீண்டுவதில்லை என்று ஒரு ஜைனத் துறவியின் முன்னிலையில் சத்தியம் செய்து கொடுத்த பிறகே தாயார் விடை கொடுத்தார். ஜாதிப் பெரியவர்களோ கூட்டம் கூட்டி அவரை விலக்கியே வைத்துவிட்டார்கள். 1891-ல் பாரிஸ்டராகத் திரும்பிய அவருக்குத் தாயாரைக் காணும் ஆவலே மேலோங்கி நின்றது. கரையிறங்கிய பின்னர்தான் அந்த அம்மையார் காலமாகிவிட்ட செய்தி அவருக்குத் தெரிந்தது. தூர தேசத்தில் தம்பி மனம் உடைந்து போவானே என்று தமையனார் அதை மறைத்து வைத்திருந்தார்.

நம் கணித மேதை ராமானுஜன் 1914 மார்ச் 17-ந் தேதி சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்பட்டு, லண்டன் சேர்ந்தது ஏப்ரல் 14-ந் தேதி. ஏறக்குறைய ஒரு மாதம் கடல்மேல்! இன்று அந்தத் தூரம் ஒரு நாளுக்குள் அடங்கிவிடுகிறது. தாயாரின் முகமும் கைத்தொலைபேசியில் நினைத்த போதெல்லாம் தோன்றுகிறது. ஆயினும் பிரிவு பிரிவுதான்.

அங்கே காத்திருப்பவை

ஜெர்மனிக்குச் செல்லும் மாணவனை எடுத்துக் கொள்வோம். குளிர்காலப் பருவம் அங்கே பெரும்பாலான சர்வகலாசாலைகளில் அக்டோபர் 1-ல் ஆரம்பமாகி மார்ச் 31-ல் முடிகிறது. வெயிலில் மின்னும் நதிகளையும் கோபுரங்களையும் படத்தில் பார்த்துக் கனவு கண்டவன், இருட்டை நோக்கியே போகிறான். டிசம்பர் பிற்பகுதியில் பெர்லின் நகரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் அஸ்தமித்துவிடுகிறான். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி பின்னால் தள்ளுகிறார்கள். நமக்கும் அவர்களுக்கும் மூன்றரை மணியாக இருந்த வித்தியாசம் அன்று முதல் நாலரை மணியாகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பெரும்பாலும் கடைகள் திறப்பதில்லை. சனிக்கிழமையே அரிசி வாங்கி வைக்காதவன் பாடு திண்டாட்டம்தான். மதிப்பெண் முறையோ தலைகீழ்: 1 என்றால் அதிசிறப்பு; 5 என்றால் தோல்வி. மகன் "ஒன்று வாங்கினேன்" என்று சொன்னால் பெற்றோர் பதறாமலிருக்க இதை முன்கூட்டியே அறிந்து வைத்துக் கொள்வது நலம்!

ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் மாணவர்களைப் பரிமாறிக் கொள்ள 'எராஸ்மஸ்' திட்டத்தை 1987-ல் தொடங்கின. முதல் வருஷம் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணவர்கள் சென்றார்கள். அந்நாடுகளின் கணக்கில் ஒரு பருவத்திற்கு 30 பாட அலகுகள். அங்கே படிக்கப் போகும் பாடங்கள் எவை, அவற்றை இங்கே எந்தப் பாடங்களுக்கு ஈடாக ஏற்பார்கள் என்பதைச் சொந்தக் கல்லூரியில் எழுத்து மூலமாகப் பெற்றுக் கொண்ட பிறகே புறப்பட வேண்டும். பெட்டியில் ஊறுகாய் இருந்து இந்தக் காகிதம் இல்லாவிட்டால், திரும்பி வந்தபின் அரை வருஷப் படிப்பு வீணாகக் கூடும்.

வீட்டார் செய்யக்கூடியது

முதல் சில வாரங்கள் புதுமையிலேயே கழிந்துவிடும். பகல் குறுகும் நவம்பர் மாதத்தில்தான் ஏக்கம் வந்து உட்காரும். அப்போது அறைக்குள் அடைந்து, மணிக்கணக்கில் வீட்டாருடனேயே பேசிக் கொண்டிருந்தால், உடல் அங்கும் உயிர் இங்குமாகப் பருவம் முடிந்து போகும். பக்கத்து அறை மாணவனுக்கு ரஸம் வைத்துக் கொடுத்து, அவனுடைய ரொட்டியில் பங்கு கேட்பதே அந்த ஏக்கத்திற்கு உற்ற மருந்து. ஒரு தேசத்தைப் புத்தகத்தில் படிப்பது வேறு; அதன் மக்களோடு உட்கார்ந்து உண்பது வேறு. நம் நாட்டைப் பற்றி அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல முயலும்போதே, நம் நாட்டைப் பற்றி நாம் அறியாதவை எத்தனை என்பதும் புலப்படும்.

தகப்பனார்களும் தாய்மார்களும் தினம் நாலு தடவை "சாப்பிட்டாயா?" என்று கேட்பதை ஒரு தடவையாகக் குறைத்துக் கொள்ளலாம். ஆனால் வீட்டில் யாருக்கேனும் தேக அசௌக்கியம் என்றால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். 1891-ல் ஒரு தமையனார் அன்பினால் செய்த காரியத்தை நாம் செய்யத் தேவையில்லை. கெட்ட செய்தியும் தன்னை வந்து சேரும் என்ற நம்பிக்கை இருந்தால்தான், செய்தி வராத நாட்களில் அந்தப் பிள்ளை நிம்மதியாகப் படிக்க முடியும்.