தேய்ந்த பேட் சொல்லும் கோளாறு

ராசிபுரத்திலிருந்து கொல்லிமலைக்குக் காரில் போகிறவர்கள் ஏறும்போது எஞ்சினைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். இறங்கும்போது பிரேக்கைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. காரவள்ளி வழியில் 70 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரம் வந்ததும் ஒரே ஒரு சக்கரத்தில் மட்டும் கருகல் வாடை அடித்தால், அங்கே பிரேக் பிடித்தபடியே இருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

நம்மூர் கார்களின் முன்சக்கரத்தில் பெரும்பாலும் இருப்பது நகரும் காலிபர். பிஸ்டன் உட்புறம் மட்டுமே உண்டு. பெடலை மிதித்ததும் அது உள்பேடை டிஸ்க்கில் அழுத்தும். உடனே காலிபர் இரண்டு பின்களின் மேல் வழுக்கி நகர்ந்து வெளிப்பேடையும் இழுத்து அழுத்தும். காலை எடுத்தால் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் அதை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கும். அசைவு அவ்வளவுதான். அதைத் தடுக்கக் கொஞ்சம் துருவும் மண்ணும் போதும்.

வெளிப்பேட் மட்டும் தேய்ந்திருந்தால் பின்கள் இறுகியிருக்கும். உள்பேட் மட்டும் தேய்ந்தால் முதல் சந்தேகம் திரும்பாத பிஸ்டன் மேல். பின்களையும் பார்த்துவிட வேண்டும். ஒரே பேட் ஆப்பு மாதிரி ஒரு முனையில் மெலிந்திருந்தால், பெரும்பாலும் ஒரு பின் மட்டும் மாட்டிக்கொண்டிருக்கிறது.

இடது பக்கம் நன்றாக இருந்து வலது பக்கம் மட்டும் தேய்கிறதா? ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றச் சொல்லுங்கள். இறுக்கமாக இருந்தால் காலிபரின் ப்ளீடர் நிப்பிளைச் சற்றுத் திறக்க வேண்டும். ஆயில் பீய்ச்சி அடித்துச் சக்கரம் விடுபட்டால் அழுத்தம் உள்ளே சிக்கியிருக்கிறது. உட்புறம் உப்பி அடைத்த ஹோஸ் அதற்கு முக்கியக் காரணம். திறந்த பிறகும் விடவில்லை என்றால் பிஸ்டனோ பின்னோதான் இறுகியிருக்கிறது.

பின்களுக்குப் பேரிங் கிரீஸ் தடவும் பழக்கம் ஆபத்தானது. பெட்ரோலிய கிரீஸ் பட்டால் ரப்பர் உறை ஊதிப்போய், நன்றாக நகர்ந்த பின்களும் மாட்டிக்கொள்ளும். பிரேக்குக்கென்றே விற்கும் சிலிக்கான் கிரீஸைக் கேட்டு வாங்குங்கள். பிரேக் ஆயிலும் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் 205 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியதற்கு அந்த வரம்பே 140 டிகிரிதான். ஆயில் கொதித்தால் பிரேக் பிடிக்காது. மலையிறக்கத்தில் இது உயிர்ப் பிரச்சினை.

காரணத்தைத் தேடாமல் புது பேட் போட்டால் அதுவும் அதே மாதிரி தேயும். அடுத்த முறை பேட் மாற்றும்போது பழையவற்றைத் தூக்கிப் போட விடாதீர்கள். எது எந்தச் சக்கரம், எது உள், எது வெளி என்று வரிசையாக வைத்துக் காட்டச் சொல்லி, மெக்கானிக்கோடு சேர்ந்து நீங்களும் பாருங்கள்.