மாடித் தண்ணீரும் மல்லிச்செடியும்

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரை கடந்தபோது, 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. 1,000 சதுர அடி மொட்டை மாடி ஒன்றில் மட்டும் 40,000 லிட்டருக்கு மேல் விழுந்திருக்கும். அதில் பெரும்பகுதி தெருவழியே கடலுக்குப் போயிற்று. சித்திரை பிறந்ததும் அதே மாடியில் மல்லிச்செடிக்கு உப்பேறிய போர் தண்ணீரை ஊற்றுகிறோம். இலை நுனி கருகுகிறது.

வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தொட்டி மண்ணிலேயே தங்கிவிடும். உப்பு ஏற ஏற, மண்ணில் ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. மழைநீரில் உப்பு மிகக் குறைவு என்பதால் தொட்டிச் செடிக்கு அதைவிட நல்ல தண்ணீர் கிடையாது.

கடலோரப் புதுச்சேரிக்கு நல்ல தண்ணீர் தேடுவது பழைய கவலை. மேற்கே முத்திரையர்பாளையத்திலிருந்து நகருக்குத் தண்ணீர் வந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்ததுதான் பாரதி பூங்காவின் ஆயி மண்டபம். தமிழ்ப் பகுதியின் பழைய வீடுகளில் ஓட்டுக்கூரை முற்றத்தை நோக்கிச் சரியும். மழை பிடித்தால் தாழ்வார விளிம்பில் அண்டாவும் குடமும் வரிசை கட்டும். முற்றம் போய் மொட்டை மாடி வந்தபின் அந்தப் பழக்கமும் போய்விட்டது. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

ஊரின் ஆண்டு மழை சுமார் 130 செ.மீ. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை. 1,000 சதுர அடிக்கு ஒரு செ.மீ. மழை என்றால் 930 லிட்டர். சேதாரம் போக 750 லிட்டராவது கைக்கு வரும். ஆகவே மாடி நீரைச் சேமிக்கும் 2,000 லிட்டர் தொட்டி ஒரே நல்ல மழையில் நிரம்பிவிடும். இருபது தொட்டிச் செடிகளுக்கு நாளுக்கு 20 லிட்டர் போதும், 100 நாள் தாங்கும். புல்வெளிக்கு இது ஆகாது. 200 சதுர அடிப் புல்லே கோடையில் நாளுக்கு 90 லிட்டர் குடிக்கும், மூன்று வாரத்தில் தொட்டி காலி.

தொட்டி நிரம்பி வழிவதைக் கிணற்றுக்குத் திருப்ப வேண்டும். கடலோர நிலத்தடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீட்டர் ஆழம்வரை உப்பை அது தள்ளி நிறுத்தும் என்பது கணக்கு. மேலே ஒரு மீட்டர் குறைந்தால் கீழிருந்து உப்பு அத்தனை தூரமும் ஏறும். கிணற்றில் விடும் தண்ணீர் ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டி வழியாகவே இறங்க வேண்டும். பருவத்தின் முதல் மழையில் புழுதியும் பறவை எச்சமும் வரும், அதை வெளியே விட்டுவிடலாம்.

தொட்டியை இறுக மூடி, குழாய் வாய்களில் கொசுவலை கட்டுங்கள். திறந்து கிடந்தால் ஒரு வாரம், பத்து நாளில் டெங்கு கொசு முட்டையிலிருந்து வளர்ந்து பறந்துவிடும்.

மழை ஓய்ந்த தை மாதத்தில் கிணற்று நீர்மட்டம் உயர்ந்திருக்கும், உப்பும் குறைந்திருக்கும். அப்போது செடிகளுக்குக் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றலாம். தொட்டியை மார்ச்சில் திறந்தால் ஜூன் முதல் வாரம்வரை வரும்.