கல்வெட்டில் இல்லாத வாய்க்கால்

ஈழத்துச் சைவத் தமிழர் இல்லங்களில் ஒருவர் மறைந்தால், 31ஆம் நாள் அந்தியேட்டிக் கிரியையோடு ஒரு சிறு நூலும் வெளிவருவது நெடுநாள் வழக்கம். கல்லில் வெட்டப்படாத அந்நூலுக்குக் கல்வெட்டு என்று பெயர். முகப்பிலே மறைந்தவரின் படம். அதன்கீழ்த் தோற்றமும் மறைவும். அடுத்து ஆண்டு, மாதம், பக்கம், திதி நான்கையும் நாலடியில் அடக்கும் திதி வெண்பா. பின்னர் குலமரபும், மனைவி, மக்கள், பேரர் புலம்பல்களும். யாப்பறிந்த ஆசிரியர்கள் ஊருக்கு ஊர் இருந்த காலத்தில் வெண்பாவுக்குப் பஞ்சமில்லை. இன்று வெள்ளவத்தையிலோ களுபோவிலயிலோ வாழும் குடும்பத்தார் பெரும்பாலும் அச்சகத்தாரிடமே அப்பொறுப்பை ஒப்படைத்துவிடுகின்றனர். தளை தட்டினாலும் துக்க வீட்டில் யாரும் இலக்கணம் பேசுவதில்லை.

இக்கல்வெட்டுகளிலே குடும்பத் தலைவர் முழு உருவில் நிற்கிறார். தங்கையரைக் கரையேற்றியது, மக்களைக் கற்பித்தது, மருமக்களை மக்களாகவே கருதியது, கோயில் திருவிழாவுக்கு ஆண்டு தவறாமல் ஊர் சென்றது யாவும் உண்டு. ஆனால் மறைந்தவர் பொறியியலாளராயின், அவர் நாற்பது ஆண்டு செய்த தொழிலைப் பற்றி ஒரு வரிதான் காண்போம்: திணைக்களத்தில் உயர்பதவி வகித்து இளைப்பாறினார் என்பது. எந்தக் குளத்தின் கட்டை உயர்த்தினார், எந்தத் துருசைப் புதுக்கினார், எந்த மாரியில் எந்த வான் உடைந்து இரவெல்லாம் மழையில் நின்றார் என்பன அங்கே இரா. ஆசிரியர் மறைந்தால் மாணாக்கர் வந்து பேசுவர்; வைத்தியர் மறைந்தால் பிணி தீர்ந்தவர் வந்து பேசுவர். குளக்கட்டு வந்து பேசுவதில்லை.

இதற்குக் குடும்பத்தாரைக் குறை சொல்வது நீதியன்று. 1900ஆம் ஆண்டில் அமைந்தது நீர்ப்பாசனத் திணைக்களம். சென்ற நூற்றாண்டின் முற்பாதியில் அதிற் சேர்ந்த தமிழ் இளைஞனுக்கு உத்தியோகம் என்றால் காடும் மலேரியாவும் ஓயாத இடமாற்றமுமே. மனைவியையும் குழந்தைகளையும் ஊரில் விட்டு, மாதந்தோறும் பணம் அனுப்பி, விடுமுறைக்கு மட்டும் வீடு வந்த தந்தையர் பலர். வீட்டுக்கு வந்தபின் அணையின் கதையையா பேசுவார்கள்? பிள்ளையின் கணக்குப் புத்தகத்தைத்தான் பார்ப்பார்கள். பிற்காலத்தில் மக்களின் படிப்பை முன்னிட்டு வெள்ளவத்தையில் வீடு கொண்டவர்களும் உண்டு. 1956இல் தனிச் சிங்களச் சட்டம் வந்தபோது அவர்களுட் சிலர் வேளைக்கே இளைப்பாறினர். சிலர் கடல் கடந்தனர். 1958இலும் 1983இலும் நிகழ்ந்த வன்செயல்களில் கொழும்புத் தமிழர் வீடுகள் எரிந்தபோது கட்டிலும் கதிரையும் மட்டும் எரியவில்லை. நாட்குறிப்புகள், வரைபடங்கள், நியமனக் கடிதங்கள் யாவும் சாம்பராயின. பிள்ளைகள் எழுத விரும்பினாலும் கையில் தாள் இல்லை.

தம் தொழிலின் தடத்தைத் தாமே எழுதிவைத்தவர் மிகச் சிலர். அவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் சண்முகம் ஆறுமுகம். 1905இல் பிறந்து 2000இல் மறைந்தவர்; நீர்ப்பாசனத் திணைக்களத்தில் பிரதிப் பணிப்பாளர் நிலைவரை உயர்ந்தவர். இலங்கையின் நீர்வளங்களைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் ஆக்கிய பெருநூல் 1969இல் வெளிவந்தது. ஆயினும் யாழ்ப்பாணத்து மக்கள் அவரை நினைப்பது ஒரு வாய்க்காலின் பொருட்டு. அதுவும் முற்றுப்பெறாத வாய்க்கால்!

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்யும் மழை சுண்ணாம்புக் கல்லினூடே இறங்கி, கீழே கிடக்கும் உவர்நீரின்மேல் நன்னீர்ப் படலமாக மிதக்கிறது. துலாவால் அளவாக இறைத்த காலத்தில் அப்படலம் தாங்கிற்று. இயந்திரத்தால் மிகுதியாக இறைத்தால் அடியிலுள்ள உவர் மேலெழும். இஃது ஒருபுறமிருக்க, வவுனியாப் பக்கத்தில் தோன்றும் கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்தைக் கடந்து ஆனையிறவுக் கடனீரேரியில் விழுகிறது. ஏரிக்கு வரும் நீரின் ஏந்துபரப்பு ஏறக்குறைய 940 சதுர கிலோமீற்றர். அவ்வளவு மழைநீரும் உப்போடு கலந்து வீணாவதைக் கண்டு மனம் பொறாதவர் பலர். இவ்வெண்ணம் 19ஆம் நூற்றாண்டிலேயே இருந்தது, ஆறுமுகம் கண்டுபிடித்ததன்று. அதைக் கணக்கிட்டு, மட்டம் பார்த்து, செய்யக்கூடிய திட்டமாக்கியதே அவர் பெருமை.

திட்டம் கேட்பதற்கு எளிது. ஆனையிறவில் மேற்கு வாயையும் சுண்டிக்குளத்தில் கிழக்கு வாயையும் அணையிட்டு அடைத்துவிட்டால் கடல் உள்ளே வராது. ஆண்டுதோறும் வரும் மழைநீர் பழைய உப்பைக் கழுவி ஏரியை மெல்ல நன்னீராக்கும். அந்நீரை முள்ளியானில் ஏறக்குறைய 4 கிலோமீற்றர் நீளமுள்ள வாய்க்கால் வெட்டி வடமராட்சிக் கடனீரேரிக்குள் விடலாம். அங்கிருந்து அது உப்பாற்றையும் அடையும். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைகள் நின்று காக்க, குடாநாட்டின் நடுவே நன்னீர் நிற்கும், கிணறுகள் இனிக்கும். ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்று இதனைச் சொன்னார்கள். ஆறுமுகம் திட்டம் என்றும் வழங்கிற்று. பெயரிலேயே ஆற்றை வைத்துக்கொண்டவர் ஆறு கொண்டுவர முனைந்தது தற்செயல்தான். எனினும் தமிழர் இத்தகைய பொருத்தங்களை எளிதில் விடமாட்டார்கள்.

அணைகள் எழுந்தன. ஆனால் 1960களில் பணம் நின்றது. முள்ளியான் வாய்க்கால் அரைகுறையாகக் கிடந்தது. சுண்டிக்குளத்து அணையை வெள்ளம் உடைத்தது. பின்னர் வந்த போரில் ஆனையிறவு என்ற சொல்லுக்கே பொருள் மாறிற்று. நீரைப் பற்றிப் பேச அங்கே எவர் செல்வர்? அவர் மறைந்த அதே 2000ஆம் ஆண்டு ஏப்பிரிலில் அத்தளம் கடும் போருக்குப் பின் கைமாறியது. குடாநாட்டின் தாகத்துக்காகக் கடல்நீரை நன்னீராக்கும் நிலையமொன்று 2024இல் தாழையடியில் திறக்கப்பட்டது. அது தேவையானதே. ஆயினும் அவ்வூரிலிருந்து முள்ளியான் தொலைவில் இல்லை என்பதை எண்ணுந்தோறும் நெஞ்சு கனக்கிறது.

கனவு பாதியில் நின்றதைக் கண்ட ஒருவர் முதுமையில் கசந்து போயிருக்கலாம். ஆறுமுகமோ வேறு வேலையில் இறங்கினார். தீவின் பழைய சைவக் கோயில்களைப் பற்றி எழுதினார். கொழும்புக் கோயில்களின் கற்சிற்பங்களையும் விடவில்லை. கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எழுப்பிய பொன்னம்பலவாணேசுவரர் ஆலயத் தூண்களை நின்று பார்த்தவர்கள், பொறியியலாளர் ஒருவரை அவை ஏன் ஈர்த்தன என்பதை உணர்வர். கடைசியாக 1997இல், தொண்ணூறு கடந்த வயதில், இலங்கைத் தமிழரின் வாழ்க்கை வரலாற்று அகராதியை ஆங்கிலத்தில் வெளியிட்டார். அறிஞர், வழக்கறிஞர், துறவியர், உத்தியோகத்தர் எனப் பலர் அதில் அடுத்தடுத்து இடம்பெறுகின்றனர். என் மதிப்பில் அவருடைய நூல்களுள் நம் குடும்பங்களுக்கு மிகவும் நெருங்கியது இதுவே. ஒவ்வொரு குறிப்பும் புலம்பல் நீங்கிய ஒரு கல்வெட்டு.

2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம முயற்சி, பழைய நினைவு மலர்களையும் தேடி எடுத்துப் பாதுகாத்துவருகிறது. அவற்றைப் புரட்டும் மாணாக்கனுக்கு நம் சமூகத்தின் உறவுமுறையும் கண்ணீரும் கிடைக்கும். குளங்களும் பாலங்களும் கிடைப்பது அரிது. களுபோவிலயிலும் தெகிவளையிலும் இளைப்பாறிய பொறியியலாளர் சிலர் இன்றும் உளர். நேற்று உண்டது மறந்தாலும், தாம் கட்டிய வானின் உயரத்தை அடியும் அங்குலமுமாகச் சொல்லக்கூடியவர்கள். இலண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் அவர்கள் அருகில் அமர்ந்து, எந்த ஆண்டு, எந்தக் குளம், உடன் நின்ற மேற்பார்வையாளர் யார் என்று கேட்டு எழுதிக்கொள்ளலாம். அச்சகத்துக்குக் கொடுக்கும்போது வெண்பாவுக்குப் பின்னே ஒரு பக்கம் கூடுதலாகும், அவ்வளவே.